நனோ டேப்: பெட்டியில காபன், உள்ளுக்க வெறும் பசை (நல்ல பசைதான்)

அஞ்சுக்கு மூண்டரை. ஒட்டுற வேலையை மட்டும் பாத்தா நாலுக்கு மேலயும் குடுத்திருப்பன், மிச்சம் கழிச்சது பெட்டியில அடிச்சு வச்சிருக்கிற கதைக்காக.

சாமான் என்னெண்டா, இப்ப புறக்கோட்டையில கெய்சர் வீதி, குறுக்குத் தெருக்கள் எண்டு எந்தப் பக்கம் திரும்பினாலும் கடை வாசல்ல தொங்குற அந்த ரெண்டு பக்கமும் ஒட்டுற தெளிவான டேப்தான். தொட்டா மெத்தெண்டு இருக்கும், இழுத்தா இழுபடும், விட்டா சுருங்கும். ஐந்நூறு ரூபாய்க்குள்ள பேரம் பேசி ஒரு சுருள் எடுக்கலாம், அதே சாமானை வெள்ளவத்தையில காலி வீதியில ஏசி போட்ட கடையில கேட்டா விலை ஏறும். கனக்கப் பேரில வருது, பெட்டியும் பேரும்தான் வேற, சாமான் ஒண்டுதான் எண்டது என்ர எண்ணம், அதால பிராண்ட் பேர் சொல்லேல்லை. நான் எடுத்த பெட்டியில ஒரு பல்லிப் படம், கீழ பெரிய எழுத்தில காபன் நனோ டியூப் (கண்ணுக்குத் தெரியாத மெல்லிய காபன் குழாய்) தொழினுட்பமாம். கடைக்கார நானாவிட்ட, உண்மையா இதுக்குள்ள நனோ டியூப் இருக்குதோ எண்டு கேட்டன்.

"தங்கச்சி, அதெல்லாம் சைனாக்காரன்ட வேல, நமக்கு என்ன தெரியும்? ஆனா புடிச்சா வுடாது, அத மட்டும் நான் சொல்றன். கொண்டு போங்க."

பெட்டியை விட மனுசன் நேர்மை.

இது எனக்கு ஏன் தேவைப்பட்டதெண்டு கொழும்பில வாடகைக்கு இருக்கிற ஆக்களுக்குச் சொல்லத் தேவையில்லை. கீ மணியை (முற்பணத்தை) கட்டிப் போட்டு உள்ளுக்க வந்தா முதல் கட்டளையே சுவர்ல ஆணி அடிக்கக்கூடாது எண்டதுதான். எங்கட வீட்டுக்கார அன்ரி நல்லவதான், ஆனா வரேக்க எல்லாம் கண் சுவரைத்தான் மேயும். ரவுட்டர், மல்டி ப்ளக், கலண்டர், பாத்ரூம் ஷெல்ஃப், அம்மாவின்ர முருகன் படம், எல்லாத்துக்கும் இடம் வேணும், ஓட்டை போட ஏலாது. பழைய ஃபோம் டேப்பைப் போட்டா கழட்டேக்க பெயின்ட்டோட சேந்து வரும். அந்த நிலைமையிலதான் இதை வாங்கினது.

முதல்ல நல்லதைச் சொல்லுவம். பாத்ரூம் டைல்ஸ், கண்ணாடி, ஃபிரிட்ஜ் கதவு, வார்னிஷ் அடிச்ச அலுமாரி, மெலமைன் மேசை, இதுகளில எல்லாம் பிடி சரியான பிடி. சோப்பு வைக்கிற சின்னத் தட்டு ஒண்டை டைல்ஸ்ல ஒட்டினன், மழைக்காலம் முழுக்க அசையேல்லை. கத்தரிக்கோல், டூத் பிரஷ் கப், ரிமோட், மேசைக்குக் கீழ மல்டி ப்ளக், எல்லாம் அப்பிடியே நிக்குது. எங்கட ஃபிளாட் மரைன் டிரைவ் பக்கம், ரயில் போகேக்க ஜன்னல் கண்ணாடி எல்லாம் கிடுகிடுக்கும், அதுக்கும் ஒண்டும் விழேல்லை. மெத்தெண்ட பசை அதிர்ச்சியை உள்ளுக்கயே வாங்கிக்கொள்ளும், விறைப்பான டேப்பை விட இதில அது ஒரு வசதி. ஊத்தை பிடிச்சுப் பிடி விட்டா தண்ணியில கழுவிக் காயவிட்டுத் திரும்ப ஒட்டலாம் எண்டு பெட்டியில போட்டிருக்கு, அது உண்மை. ஆனா ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கொஞ்சமாப் பிடி குறையும், அதைப் பெட்டி சொல்லாது.

இப்ப அந்தக் கதைக்கு வருவம். எனக்கு இந்த விசயத்தில கொஞ்சம் கிறுக்கு, படிச்சது பிசிக்ஸ், பிறகு வேலைக்குப் போனது வேற எங்கயோ, அதால இப்பிடி ஒரு பெட்டியைப் பாத்தா சும்மா விட மனம் வராது.

டேப் தெளிவா இருக்குது, பின்னால வச்ச எழுத்தை வாசிக்கலாம். ஒட்டுற அளவுக்குக் காபன் நனோ டியூப் உள்ள ஒண்டு அப்பிடி இருக்கவே ஏலாது, அது கறுப்பு. சும்மா கறுப்பில்லை, 2014ல இங்கிலாந்தில சரே நனோசிஸ்டம்ஸ் கொம்பனி வான்டாபிளாக் எண்டு ஒரு பூச்சு விட்டாங்களே, விழுற வெளிச்சத்தில 99.965 வீதத்தை விழுங்குற சாமான், அது நெருக்கமா நட்டு வச்ச காபன் நனோ டியூப்தான். வெளிச்சம் குழாய்களுக்கு நடுவில போய் மாட்டுப்பட்டு வெளிய வரத் தெரியாமச் செத்துப்போகும். வெளிச்சம் ஊடுருவுற மெல்லிய நனோ டியூப் படலமும் இருக்குது, அதை மின் கடத்துறதுக்குத்தான் செய்யுறது, முருகன் படத்தைத் தூக்குறதுக்கில்லை. பசைக்குள்ள கொஞ்சம் கலந்திருந்தாலும் நிறம் மங்கிக் கறுத்துப் போயிருக்கும். ஆகவே என்ர முடிவு, இது மெத்தெண்ட பொலிமர் பசை, பொலியூரித்தேனோ அக்கிரிலிக்கோ அந்த இனத்தில ஒண்டு. காபன் அணு எல்லாப் பிளாஸ்டிக்கிலயும்தானே இருக்கு, அதைப் பிடிச்சுக்கொண்டு காபன் எண்டு போட்டாங்களோ என்னமோ.

உண்மையான நனோ டியூப் டேப்பை எப்பிடிச் செய்யுறதெண்டு பாத்தா விலைக் கணக்கு தானா விளங்கும். சிலிக்கன் தட்டில இரும்பை நனோமீட்டர் தடிப்பில பூசி, 700, 800 பாகை சூட்டில உலைக்குள்ள வச்சு, எதிலீன் மாதிரி காபன் உள்ள வாயுவை விடுவாங்கள், இரும்புத் துணிக்கை ஒவ்வொண்டிலயும் இருந்து ஒரு குழாய் நிமிந்து முளைச்சு வரும். பல சுவர்க் குழாய் ஒண்டின்ர தடிப்பு பத்து இருவது நனோமீட்டர், உயரம் அதைப்போல ஆயிரக்கணக்கான மடங்கு. இந்தக் குழாய்களை உலகம் கவனிக்கத் தொடங்கினது 1991ல ஜப்பான்ல சுமியோ இஜிமா நேச்சர் சஞ்சிகையில எழுதினதுக்குப் பிறகுதான். இதை ஐந்நூறு ரூபாய்க்கு வாசல்ல தொங்கவிட ஏலுமெண்டா அந்த நானாவுக்கு நோபல் பரிசு குடுக்கோணும்.

பல்லிப் படம் மட்டும் முழுப் பொய்யில்லை. பல்லி சுவர்ல நிக்கிறது பசையாலயுமில்லை, உறிஞ்சிப் பிடிச்சுமில்லை. டோக்கே எண்ட பெரிய பல்லியின்ர ஒரு காலில கிட்டத்தட்ட 5 இலட்சம் மயிர், ஒவ்வொரு மயிர் நுனியும் நூற்றுக்கணக்கா பிரிஞ்சு, கடைசி நுனி 200 நனோமீட்டர் அகலம். 2000ல கெலர் ஓட்டம் (Kellar Autumn) எண்ட ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஒரேயொரு மயிரின்ர பிடியைத் தனியா அளந்து காட்டினாங்கள், ரெண்டு வருசத்தில அது வந்தர்வால்சு விசைதான் எண்டும் காட்டினாங்கள். ரெண்டு பொருள் சரியான கிட்ட வந்தா அணுக்களுக்கு இடையில வாற மெல்லிய கவர்ச்சிதான் அது. மெல்லிசுதான், ஆனா கோடிக்கணக்கான இடத்தில ஒரே நேரத்தில பிடிச்சா ஆளையே தூக்கும்.

ஏஎல்லில பிசிக்ஸ் செய்த ஆக்கள் ஒருக்கா நிண்டு யோசியுங்கோ. நாங்கள் மனப்பாடம் பண்ணினது என்ன? உராய்வு விசை எண்டா உராய்வுக் குணகத்தைச் செவ்வன் மறுதாக்கத்தால (அமத்துற பொருளை மேற்பரப்பு செங்குத்தாத் திருப்பித் தள்ளுற விசை) பெருக்கிறது, தொடுகைப் பரப்பில தங்கியிருக்காது. அந்தச் சமன்பாட்டைப் பல்லிக்குப் போட்டுப் பாருங்கோ, செங்குத்துச் சுவர்ல பல்லியை ஆரும் சுவரோட அமத்திப் பிடிக்கேல்லை, செவ்வன் மறுதாக்கம் பூச்சியம், அப்ப உராய்வும் பூச்சியம், பல்லி தொப்பெண்டு விழோணும். விழுறேல்லையே. ஏனெண்டா மேற்பரப்பு தன்னைத்தானே இழுத்துப் பிடிக்குது, வெளியில இருந்து அமத்துற விசை தேவையே இல்லை. இந்த இடத்தில பரப்பு எவ்வளவோ அவ்வளவு பிடி. பாடசாலையில படிச்ச விதி பிழையில்லை, கரடுமுரடான விறைப்பான பொருளுக்கு அது சரியாத்தான் வரும், அதுகள் உண்மையில தொடுற இடம் புள்ளி புள்ளியா ஒரு துளிதான், அமத்த அமத்த அந்தத் துளி பெரிசாகும், அதால எல்லாம் அமத்துற விசையில போய் முடியுது. பல்லிக் காலும் என்ர டேப்பும் கொஞ்சம் அமத்தினாலே நல்லாத் தொட்டுக்கொண்டு நிக்கும். டேப் வாங்கி ஒட்டுற ஆளுக்கு இதில ஒரு பிரயோசனம் இருக்கு: பாரம் கூடவெண்டா அமத்தினா மட்டும் போதாது, பெரிய துண்டா வெட்டுங்கோ.

நனோ டியூப்பைப் பல்லி மயிருக்குப் பதிலா வச்சுப் பாத்தவங்கள் கனபேர். 2007ல அமெரிக்காவில அலி தினோஜ்வாலா, புலிக்கல் அஜயன் ஆக்கள் (அஜயன் எங்கட பக்கத்து கேரளத்துக்காரர்) நனோ டியூப்பை சின்னச் சின்னத் திட்டா வளத்து ஒட்டின டேப், ஒரு சதுர சென்ரிமீட்டருக்கு 36 நியூட்டன் தாங்கிச்சு, பல்லிக் காலைப்போல கிட்டத்தட்ட நாலு மடங்கு. ரெஃப்லோனில கூட ஒட்டிச்சாம், தோசைத் தட்டில ஒண்டும் ஒட்டாதெண்டு நாங்கள் வாங்குற அதே ரெஃப்லோன். அடுத்த வருசம் லிமிங் டாய் ஆக்கள் அதை 100 நியூட்டனுக்குக் கொண்டுபோனாங்கள். சதுர சென்ரிமீட்டருக்கு 100 நியூட்டன் எண்டா விரல் நகம் அளவு துண்டில 10 கிலோ அரிசிப் பையைத் தொங்கவிடலாம். ஆனா அது சுவருக்குச் சமாந்தரமா கீழ இழுக்கேக்க மட்டும். சுவர்ல இருந்து நேர வெளிய இழுத்தா அதை விடக் கனக்கக் குறைஞ்ச விசையிலயே கழண்டு வரும். அது குறையில்லை, அப்பிடித்தான் செய்யோணும் எண்டு செய்தது, பல்லியும் காலை எடுத்து வைக்கோணுமே.

எனக்கு இதில ஆகப் பிடிச்ச விசயம் வேற. நனோ டியூப் பூசின மேற்பரப்பு வழுக்குமா பிடிக்குமா எண்டு கேட்டா ஒரே பதில் இல்லை. தும்புத்தடியை யோசிச்சுப் பாருங்கோ, தும்பு நிமிந்து நிக்கேக்க நிலத்தில தள்ளினா இழுத்துப் பிடிக்கும், தும்பெல்லாம் பிஞ்சு நிலத்தில படுத்துக் கிடந்தா அதுக்கு மேல கால் வச்சா சறுக்கும். 2005ல ஃபுளோரிடாவில அளந்து பாத்தாங்கள், குழாய்கள் நிமிந்து நிண்ட மேற்பரப்பில உராய்வுக் குணகம் 0.795, அதே குழாய்கள் படுத்துக் கிடந்த மேற்பரப்பில 0.090. கிட்டத்தட்ட ஒம்பது மடங்கு. பொருள் அதேதான், காபன்தான், நிக்கிற விதம்தான் வேற. ஒரு கண்ணாடியில ஒரே பூச்சைப் பூசி, ஒரு மூலையை பிரேக் ஆகவும் மற்ற மூலையை வழுக்குப் பலகையாகவும் வைக்கலாம் எண்ட அளவுக்கு வித்தியாசம். ரெண்டு பக்கமும் நிமிந்த குழாய் பூசி ஒண்டையொண்டு முகம் பாக்க வச்சா நுனிகள் ஒண்டுக்குள்ள ஒண்டு போய் மாட்டுப்படும், அப்ப இழுக்கிறதுக்கு இன்னும் கஷ்டம்.

சரி, படுத்தா வழுக்கும் எண்டால் அந்த 100 நியூட்டன் டேப்பில குழாய் நுனி சுவரோட படுத்துத்தானே பிடிக்குது எண்டு நீங்கள் கேக்கலாம், நல்ல கேள்வி. அங்க அடி வேர் ஊண்டி நிக்குது, நுனி மட்டும்தான் சுவரோட படுக்குது, இழுக்க இழுக்க நுனி நேராகி நீளமாத் தொடும், வேர் விடாது. வேர் இல்லாமச் சும்மா கிடக்கிற குழாயில பிடிக்க என்ன இருக்கு?

இன்னும் உள்ளுக்க போனா இன்னும் விசித்திரம். பல சுவர்க் குழாய் எண்டா குழாய்க்குள்ள குழாய், உள் குழாயை இழுத்து வெளிய எடுத்து விட்டா சத்தமில்லாம உள்ளுக்க ஓடிப் போயிடும், 2000ல ஜோன் கமிங்சும் அலெக்ஸ் செட்டிலும் இதைச் செய்து காட்டினாங்கள், அளக்கக்கூடிய உராய்வு கிட்டத்தட்ட இல்லை, தேய்மானமும் இல்லை. காரணம் ரெண்டு சுவரிலயும் அணுக்கள் அடுக்கின ஒழுங்கு ஒண்டோட ஒண்டு பொருந்தாது, பொருந்தினாத்தான் பள்ளத்தில மேடு விழுந்து மாட்டும். பூட்டு இறுகினா பென்சில் கூரைத் தூளாக்கிச் சாவித் துவாரத்தில போடுறோமே, அதுவும் இதே காபன்தான், தட்டுத் தட்டா அடுக்கி வழுக்குது. உலகத்திலயே சுத்தமான நரம்புக் காரீயம் (பாறை வெடிப்பில நரம்பு மாதிரி ஓடுற கிராஃபைட்) எங்கட நாட்டில போகலயிலயும் கஹடகஹவிலயும்தான் நிலத்துக்குக் கீழ போய்க் கிண்டுறாங்கள், கொழும்பில நாங்கள் சைனாக்காரன்ட காபன் டேப்பை வாங்குறம். அந்தக் காரீயமும் தனிய வழுக்காது, காத்தில ஈரப்பதன் வேணும். ரெண்டாம் உலகப் போரில உயரப் பறந்த விமானங்களில காத்து வறண்டதால ஜெனரேட்டர் காபன் பிரஷ் (சுழலுற பகுதியைத் தொட்டு மின் கடத்துற காபன் கட்டை) எல்லாம் சட்டெண்டு தேஞ்சு தூளாப் போச்சு, அதுக்குப் பிறகுதான் இது விளங்கிச்சு. கொழும்புக்கு அந்தப் பிரச்சினை வராது எண்டு நினைக்கிறன், இஞ்ச ஈரத்துக்குக் குறைவில்லை.

கீழடி விசயத்தையும் சொல்லோணும், ஏனெண்டா டேப் பெட்டியைப் படம் பிடிச்சு எங்கட குடும்ப குரூப்பில போட்டதும் சித்தப்பா உடன அதைத்தான் போட்டவர், தமிழன் 2600 வருசத்துக்கு முதலே நனோ டியூப் செய்தவன் எண்டு. ஆய்வு உண்மை, 2020ல சயன்டிஃபிக் ரிப்போட்ஸ் சஞ்சிகையில வந்தது, கீழடியில எடுத்த பானை ஓடுகளின்ர உள்பக்கக் கறுப்புப் பூச்சில காபன் நனோ டியூப் இருக்குதெண்டு. ஆனா பானை வனைஞ்ச மனுசன் நனோ டியூப் செய்ய நினைச்சுச் செய்யேல்லை சித்தப்பா, சூளைச் சூட்டில அது தானா உருவாகியிருக்கும், தாவரச் சாறு ஏதும் பூசியிருக்கலாம் எண்டு ஊகிக்கிறாங்கள். அவ்வளவு காலம் மண்ணுக்குள்ள கிடந்தும் பூச்சு உரியேல்லை எண்டதுதான் எனக்கு ஆச்சரியம். எங்கட ஃபிளாட் சுவர் பெயின்ட் ரெண்டு மாரி தாங்காது.

அந்தப் பெயின்ட்தான் இந்த டேப்பின்ர உண்மையான எதிரி. ஓதம் பிடிச்ச சுவர், கடல் காத்து, மலிவு எமல்சன், அதுக்குக் கீழ மா மாவா உதிருற புட்டி. டேப் பெயின்ட்டை நல்லாத்தான் பிடிக்குது, பெயின்ட் சுவரைப் பிடிக்கேல்லை. படிக்கட்டுப் பக்கச் சுவர்ல ஒட்டின கலண்டர், பின்பக்கம் டேப், டேப்பின்ர பின்பக்கம் ரூபாய்க் குத்தி அளவு பெயின்ட்டோட கீழ கிடந்தது. வீட்டுக்கார அன்ரி வர முதல் அந்த இடத்துக்கு ஒரு பெரிய பூச்சாடியை நகத்தியாச்சு. ஆகவே ஒட்ட முதல் சுவரை உள்ளங்கையால ஒருக்காத் தடவிப் பாருங்கோ, கையில வெள்ளைத் தூள் வந்தா எந்த டேப்பும் வேண்டாம், காபனும் வேண்டாம் சிலிக்கனும் வேண்டாம். சுண்ணாம்பு அடிச்ச பழைய வீட்டுக்காரர் இந்த ரிவியூவை இதோட விட்டுட்டுப் போகலாம்.

அடுத்தது எந்தப் பக்கம் இழுக்குது எண்ட கேள்வி. மேல சொன்ன ஆய்வுக்கூடச் சரக்குக்கும் இந்த மலிவுப் பசைக்கும் பொதுவான ஒரே குணம் இதுதான், கீழ்நோக்கி வழுகுற பாரத்தைத் தாங்கும், ஓரத்தில இருந்து உரிக்கிற இழுவையைத் தாங்காது. சமாந்தரமா இழுத்தா முழுத் துண்டும் சேந்து பாரத்தைத் தாங்குது. உரிக்கேக்க முழுப் பாரமும் ஓரத்தில ஒரு மெல்லிய கோட்டில வந்து விழும், அந்தக் கோடு விட்டதும் அடுத்த கோடு, அப்பிடியே உடுப்பில ஸிப் திறந்த கணக்கா வரும். முருகன் படம் தட்டையானது, சுவரோட ஒட்டி நிக்கும், பாரம் நேர கீழ, பிரச்சினையே இல்லை (அம்மாவைச் சம்மதிக்க வைக்கத்தான் கஷ்டம், சாமியை டேப்பில ஒட்டுறதோ எண்டு, பிறகு ஏதோ ஒரு நல்ல நாள் பாத்து ஒட்டினவ). ரவுட்டரும் அப்பிடித்தான் எண்டு நினைப்பீங்கள், ஆனா அதின்ர வயர் முன்னுக்குத் தொங்கி மேல் ஓரத்தைச் சுவர்ல இருந்து பிடுங்கப் பாக்கும், அதால வயரைத் தனியா ஒரு துண்டால சுவரோட ஒட்டிவிடுங்கோ. வெளிய நீட்டிக்கொண்டு நிக்கிற ஷெல்ஃப், அதுக்கு மேல ஷாம்பூப் போத்தல் நிரை, இதுக்கெல்லாம் இந்த டேப் சரிவராது, பெட்டிப் படத்தில அப்பிடித்தான் காட்டியிருக்கிறாங்கள் எண்டாலும். போத்தல் ஷெல்ஃபின்ர முன் ஓரத்தில இருந்தா அந்தத் திருப்பம் முழுக்க டேப்பின்ர மேல் விளிம்புக்குத்தான். எங்கட வீட்டுப் பரிசோதனையில காலிப் போத்தலோட நிண்டது, நிறைஞ்ச போத்தலோட ராவோட ராவா விழுந்தது. ஷெல்ஃபை வைக்கத்தான் வேணுமெண்டா துண்டை மேல் விளிம்பில நீட்டா ஒட்டுங்கோ, நடுவில ஒட்டிப் பிரயோசனம் இல்லை.

சமையலறையில அடுப்புப் பக்கம் கவனம். இந்த மாதிரி மெத்தெண்ட பசை ஒரு விதத்தில சரியான தடிப்பான திரவம், பாரத்தைத் தொங்கவிட்டா நாளாக நாளாக மெல்ல மெல்ல வழியும், சூட்டில இன்னும் கெதியா வழியும். கரண்டி மாட்டி ஒட்டின இடத்தில இருந்து கீழ நகர்ந்து போறதை பென்சில் கோடு போட்டுப் பாத்தா வடிவாத் தெரியும். அப்பிடி இளகுற தன்மை இல்லாட்டி ஒட்டவும் ஏலாது, பசை கரடுமுரடான டைல்ஸ் பள்ளத்துக்குள்ள இறங்கித் தொடோணுமே, விறைப்பா இருந்தா எப்பிடி இறங்கும்? உண்மையான நனோ டியூப் டேப்பின்ர கெட்டித்தனம் இந்த இடத்திலதான். தனிக் குழாய் உருக்கை விடக் கனமடங்கு விறைப்பு, ஆனா மெல்லிசா நீளமா இருக்கிறதால கூட்டமா மெத்தெண்டு வளையும், அதால இளகாமலே கிட்டப் போய்த் தொடுது, வழியுறதுக்கு அதில திரவம் எதுவுமில்லை. 2016ல சோதிச்ச ஒண்டு சைபருக்குக் கீழ 196 பாகையில இருந்து மேல 1000 பாகை வரைக்கும் பிடிச்சிருக்கு. எங்கட டேப் மத்தியானம் மேற்கு வெயில் விழுற ஜன்னல் கண்ணாடியிலயே களைச்சுப் போகுது.

கழட்டுற விதம் முக்கியம், கனபேர் வெளிய இழுக்கப் பாத்துத்தான் பெயின்ட்டைக் கொண்டுவாறது. நகத்தால ஒரு மூலையைக் கிளப்பி, சுவரோட சமாந்தரமா, மெதுவா, ஆறுதலா இழுங்கோ, டேப் நீண்டு மெலிஞ்சு தானா விடும். அவசரப்பட்டா அறும், இந்தப் பசையை வேகமா இழுத்தா விறைப்பாகும், மெதுவா இழுத்தா இளகும், அதுதான் அதின்ர குணம். ஹெயார் டிரையர் இருந்தா கொஞ்சம் சூடாக்குங்கோ. டைல்ஸ்ல மிஞ்சின பசைக்குத் தேங்காயெண்ணெய் தடவி ஊறவிட்டுத் துடைச்சாப் போகுது.

வாங்குறதெண்டா சுருளைப் பெட்டியில இருந்து எடுத்துப் பாருங்கோ, ஓரத்தில மஞ்சள் பிடிச்சதை வாங்க வேண்டாம், கனநாள் வெயில்ல தொங்கினது. 1 மில்லிமீட்டர் தடிப்பும் இருக்குது, 2 மில்லிமீட்டரும் இருக்குது, டைல்ஸ் பொருத்து வாற இடத்துக்கும் கொஞ்சம் சொரசொரப்பான இடத்துக்கும் தடிச்சது நல்லம், கண்ணாடிக்கு மெல்லிசு போதும். ஒட்ட முதல் இடத்தைச் சவர்க்காரத் தண்ணியால துடைச்சு நல்லாக் காயவிடுங்கோ, மரைன் டிரைவ் பக்கத்து ஆக்கள் ரெண்டு தரம் துடைக்கோணும், கண்ணுக்குத் தெரியாட்டியும் உப்புப் படிஞ்சுதான் இருக்கும், பசை உப்பைத்தான் பிடிக்கும், டைல்ஸைப் பிடிக்காது.

மைத்துனர் ஓட்டோ டாஷ்போட்ல ஃபோன் ஹோல்டர் ஒட்டலாமோ எண்டு கேட்டவர். வேண்டாம் அண்ணா, பகல் வெயில்ல மூடி நிப்பாட்டின வாகனத்துக்குள்ள இது இளகிக் கையில வரும், ஓட்டோ அக்செசரிஸ் கடைகளில இறுக்குற கிளிப் வச்ச ஹோல்டர் இருக்குது, அதை எடுங்கோ.